குளோரின் விற்றவனும் மோந்து பார்த்தவரும்

குளோரின் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எது நல்லது?" என்பதுதான், விற்கிறவன் உடனே திருப்பிக் கேட்க வேண்டியது "உங்க வீட்டுல என்ன தண்ணி?" என்பது. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலேயே குமுளியில் நான் மூன்று வருஷம் குளோரின் விற்றேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று, தெரியாததைத் தெரிந்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் படி இறங்கியதும் 'சரியாத்தான் சொன்னோமா?' என்று யோசித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், சேர்ந்தே தலை குனிவோம்.

மூன்று டப்பா

எங்களுடையது தண்ணீர் மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை. சுற்றுலாக்காரர்கள் கூடியதும் குமுளியிலும் ஆனைக்கரையிலும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னச் சின்ன நீச்சல் குளம் கட்டினார்கள். மோட்டார் வாங்க வந்தவர்களே "குளோரினும் வச்சா என்ன?" என்றார்கள். வைத்தேன். அது மூன்று வடிவில் வரும். கேனில் வருவது திரவம். ஊற்றியதும் வேலை செய்யும், ஆனால் அலமாரியில் இருக்க இருக்க வீரியம் போய்விடும். இரண்டாவது வெள்ளைக் குருணை. வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும், குளத்தில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் சேர்க்கும். மூன்றாவது மாத்திரை, உள்ளங்கை அகலம் இருக்கும், ஒரு மிதவைக்குள் போட்டுவிட்டால் நாள் கணக்கில் மெதுவாகக் கரையும், தண்ணீரில் புளிப்பையும் ஏற்றும்.

சரக்கு மலைக்குக் கீழே கம்பம் ஊர் மொத்த வியாபாரியிடமிருந்து ஜீப்பில் மலையேறி வரும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்று அவர் ஓர் அட்டை கொடுத்து, மாத்திரையையே விற்கச் சொன்னார். அவர் ஊருக்கு அது சரிதான். கீழே போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு. குருணையும் போட்டால் குளத்துச் சுவரில் ஆடை ஆடையாகப் படியும். அங்கே அடிக்கிற வெயில் குளோரினை மத்தியானத்துக்குள் தின்றுவிடும் என்பதால், மாத்திரைக்குள் வெயில் தாங்க ஒரு மருந்தும் சேர்ந்தே இருக்கும். எங்கள் மலையிலோ ஊற்றுத் தண்ணீர். சுண்ணாம்பும் இல்லை, பாதி வருஷம் வெயிலும் இல்லை. இவ்வளவும் இப்போது சொல்கிறேன். அன்று "மேலயும் இதே அட்டைதானாண்ணே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டதோடு சரி. அவர் தலை நிமிராமல் சொன்னார்: "தண்ணி என்னண்ணே, மலையேறுனா சாமியாராவா ஆயிரும்?"

நாலடி ஆழம்

மாரியப்பன் அண்ணன் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைபட்ட இலை பச்சை வாடை நீங்கிப் பழ வாடைக்கு மாறும் நிமிஷத்தை மூக்காலேயே பிடித்து, "அடுப்புக்கு விடு" என்று சொல்வதுதான் அவருடைய வேலை. ஒரு நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் அன்றைய டீ போச்சு. ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் லேசாகத் தட்டிவிட்டுப் போனதில் வலது கால் இழுத்துக்கொண்டது. தண்ணீருக்குள் தினமும் நடந்தால் கால் திரும்பும் என்று டாக்டர் சொல்ல, குவைத்தில் நர்ஸாக இருக்கிற மகள் வீட்டுக்குப் பின்னால் நாலடி ஆழத்தில் குளம் கட்டிக் கொடுத்தாள். மேலே மழைக்கு ஷீட் கூரை. சோலாரில் சூடான வெதுவெதுப்புத் தண்ணீர்.

மோட்டார் மாட்டப் போனவன் நான்தான். எந்தக் குளோரின் நல்லது என்று கேட்டார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்துக் கடைக்காரன் மாதிரி "காலைல ஒண்ணு, சாயங்காலம் பாத்துக்கிடலாம்" என்கிற தோரணையில் மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவர் மனைவி பாக்கியம் அக்கா டீயோடு வந்து, "கால் சரியானா எங்க போகணும்னு கேளுங்க தம்பி, சிரிப்பீங்க" என்றார். பழனியோ குருவாயூரோ சொல்வார் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்துப் பஸ்களின் படி எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் அவர் சொன்னதன் எடை தெரியாது. "ஒத்தையாப் பஸ் ஏறணும் தம்பி. ஒருத்தனும் கையப் பிடிக்கக் கூடாது. குமுளி வந்து, உங்க கடையில ஒக்காந்து ஒரு டீ குடிக்கணும். அம்புட்டுத்தான்."

ரிட்டயர் ஆன மூக்கு

இரண்டு மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் வாசல் கேட் வரை நடந்துவிட்டார். பாக்கியம் அக்கா அதைப் போனில் சொன்னபோது கால் என் மருந்தால்தான் திரும்பியது போல நான் பெருமைப்பட்டேன். பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "தம்பி, டப்பாவத் தொறந்தா ஒரு வாடை வருது. குளத்துல அந்த வாடை இல்ல, வேற ஒண்ணு. நாளுக்கு நாள் கூடுது" என்றார். குளத்தில் குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் குளோரின் கூடிப்போச்சு என்று அர்த்தம். இதை நான் எங்கும் படித்ததில்லை, உங்களைப் போலவே சும்மா நம்பியிருந்தேன். மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். பத்து நாளில் மறுபடியும் கூப்பிட்டார், வாடை இன்னும் கூடியிருக்கிறது என்று. இன்னும் குறைக்கச் சொன்னேன்.

"இது கூடிப்போன வாடை இல்ல தம்பி, கெட்டுப்போன வாடை. அரைச்ச இலை ரொம்ப நேரம் கெடந்தா வருமே, அந்த மாதிரி" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நான் சிரித்தேன். "குளோரின் என்ன தேயிலைக் கொழுந்தாண்ணே?" என்று கேட்டேன். கடையில் நின்றிருந்த இரண்டு பேரும் கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போனில் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பிறகு சொன்னார்: "சரி தம்பி, நீங்க படிச்சவங்க சொல்றீங்க. வேலையோட சேத்து என் மூக்கும் ரிட்டயர் ஆயிருச்சுபோல."

ஏலக்காய் மூட்டை

அதே சமயம் ஆனைக்கரையில் ஹோம்ஸ்டே நடத்தும் லிஸி சேச்சி, மோட்டார் இரைகிறது, தண்ணீர் இழுக்கவில்லை என்று கூப்பிட்டார். போய் வடிகட்டிக் கூடையைத் திறந்தால் உள்ளே நல்ல வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டை. அவிழ்த்தேன். அரைக் கிலோவுக்குக் குறையாத ஏலக்காய், ஊறி உப்பி, வெடித்து, விதையெல்லாம் மோட்டாருக்குள் போயிருந்தது. குளத்துத் தண்ணீர் லேசான டீ நிறம். சொந்தத் தோட்டத்துக் காய், எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள முதல் தரம் என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

விஷயம் இதுதான். அவருக்கும் நான் அதே யோசனையைச் சொல்லியிருந்தேன்: வாடை அடித்தால் அளவைக் குறை. அவர் குறைத்தார், வாடை கூடியது. மேலும் குறைத்தார், மேலும் கூடியது. விருந்தாளிகள் மூக்கைப் பொத்தவும் வேறு வழியில்லாமல் வீட்டில் இருந்த வாசனையைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். குறைக்கக் குறைய வேண்டிய வாடை ஏன் கூடுகிறது என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மோட்டாரைக் கழற்றி விதையைப் பொறுக்கிக்கொண்டே, விருந்தாளிகள் கோபித்துக்கொண்டார்களா என்று கேட்டேன். சேச்சி சொன்னார்: "ஆரும் இப்போ குளோரின்னு பறயல சேட்டா. பாயசம்னு சொல்லி ரெண்டு தடவ குளிச்சிட்டுப் போனாங்க."

எண்ணெய்க் கிண்ணம்

அங்கிருந்து திரும்பிய வாரமே பாக்கியம் அக்காவின் போன். மாரியப்பன் அண்ணனுக்குத் தொடை முதல் கணுக்கால் வரை மயிர்க்கால்தோறும் சின்னச் சின்னக் கொப்புளம், நுனியில் சீழ். டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தண்ணீரில் இறங்குகிறீர்கள் என்பது. ஆறும்வரை குளத்தில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கேட் வரை நடந்த மனிதர் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டார்.

நான் செய்ததைக் கேளுங்கள். உடம்புக்கு ஏதாவது தேய்க்கிறாரா என்று கேட்டேன். வைத்தியர் கொடுத்த தைலத்தைத் தினமும் அக்காதான் கிண்ணத்தில் ஊற்றிக் காலில் தேய்த்து, அந்த எண்ணெய்யோடேயே தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறார். எனக்குப் பிடி கிடைத்தது. "அதாங்கா காரணம்" என்றேன். எண்ணெய் குளோரினைத் தின்னும் என்பது உண்மைதான். அதனால் தைலம் போட்டால் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு இறங்க வேண்டும், குளோரினைக் குறைக்காமல் கூட்ட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுச் சொல்லியிருக்க வேண்டியவன் நான் என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொன்னேன். அக்கா அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "அப்ப ஏங்கையாலதான் கெட்டுச்சா தம்பி? இனிமே அந்தக் கிண்ணத்தத் தொட மாட்டேன்."

வெள்ளைப் புகை

மழைக்காலத்தில் அலமாரியில் இடம் போதாமல், மிச்சம் இருந்த குருணையை, பாதி அளவுக்கு மாத்திரைகள் இருந்த ஒரு டப்பாவில் கொட்டி மூடினேன். இரண்டும் குளோரின்தானே என்று நினைத்தேன். இரண்டும் குளோரின்தான், ஆனால் ஒரே டப்பாவில் இருக்கக் கூடாத குளோரின். ஈரக் காற்று வேறு. கொஞ்ச நேரத்தில் மூடி தெறித்து மேல் பலகையில் அடித்தது. வெள்ளைப் புகை கடையை நிறைத்தது. தொண்டை எரிந்தது, கண் திறக்க முடியவில்லை. என் மனைவி ராஜேஸ்வரி என் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போட்டாள். பக்கத்து மசாலாக் கடையில் பட்டை, கிராம்பு பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து டப்பாவை அப்புறப்படுத்தினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் திறமையில் சேராது.

தெருமுனையில் நாங்கள் நின்றபோது ராஜேஸ்வரி கையில் இன்னொரு மாத்திரை டப்பா இருந்தது. ஓடும் அவசரத்தில் எதற்கென்று தெரியாமலே எடுத்து வந்திருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஒட்டியிருந்த தாளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வேறு எந்தக் குளோரினோடும் கலக்காதே. வாரம் ஒரு முறை தண்ணீரைச் சோதித்துப் பார். சுண்ணாம்புச் சத்து இல்லாத தண்ணீரில் இது புளிப்பை ஏற்றும். நான் அட்டையைத்தான் படித்திருந்தேன். டப்பாவை ஒரு நாளும் படித்ததில்லை. அவள் முழுசும் படித்து முடித்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் காதில் விழாமல் கேட்டாள்: "ஏங்க, இம்புட்டும் இதுல போட்டிருக்கு. மூணு வருஷமா என்னத்தப் படிச்சு வித்தீங்க?"

இரண்டு கண்ணாடிக் குழாய்

அதன் பிறகுதான் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினேன். சின்ன விஷயம்தான். இரண்டு கண்ணாடிக் குழாய். முதல் குழாயில் மருந்துச் சொட்டு விட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறினால் வேலை செய்யத் தயாராகக் குளோரின் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது குழாய் மஞ்சளானால் தண்ணீர் புளித்துவிட்டது என்று பொருள். ஏலப்பாறைக்குப் போய் மாரியப்பன் அண்ணன் குளத்தில் எடுத்துப் பார்த்தேன். முதல் குழாய் ஊற்றுத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் நின்றது. இரண்டாவது எலுமிச்சம்பழ மஞ்சள். ஆனால் மூக்கில் வாடை சுள்ளென்று ஏறியது. குளோரின் இல்லாத குளத்தில் குளோரின் வாடை. நல்ல குளோரின் அவ்வளவு வாடை அடிக்காது. வியர்வையையும் அழுக்கையும் பிடித்துச் சண்டை போட்டு ஓய்ந்த குளோரின்தான் அப்படி அடிக்கும். கூட்டினால்தான் போகும். நானோ குறைக்கக் குறைக்கச் சொல்லியிருந்தேன். மாத்திரையோடு வந்த அந்த வெயில் மருந்தோ, வெயிலே விழாத ஷீட் கூரைக்குக் கீழே சேர்ந்துகொண்டே போய், மிச்சம் இருந்த குளோரினையும் கட்டிப்போட்டிருந்தது.

பாதித் தண்ணீரை இறைத்தோம். புது ஊற்றுத் தண்ணீர் விட்டு, புளிப்பை முறிக்கச் சோடா உப்புப் போட்டு, வடிகட்டியைக் கழுவி, குருணையைக் கரைத்து அளவு பார்த்து ஊற்றினேன். நாலாம் நாள் மாரியப்பன் அண்ணன் கம்பை ஊன்றிக் குளத்தங்கரையில் நின்று மூச்சை இழுத்தார். "கெட்ட வாடை போயிருச்சு தம்பி" என்றார். பிறகு, "எதனால இப்படி ஆச்சு?" என்று கேட்டார். பாக்கியம் அக்கா டீ டம்ளரோடு நின்றிருந்தார். பதில் என் வாயில்தான் இருந்தது. 'என்னால' என்கிற ஒரே சொல். நான் சொன்னது, "கம்பெனிக்காரன் மாத்திரையோட தரத்தக் கொறச்சிட்டாண்ணே." அவர் முகம் மலர்ந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப உன் எண்ணெய்யும் இல்ல, என் மூக்கும் இல்ல. கேட்டியா பாக்கியம்?"

குமுளி பஸ்

அடுத்த மாதம் ஏலப்பாறையிலிருந்து ஒருவர் குளோரின் வாங்க வந்தார். மாரியப்பன் அனுப்பினாராம்; கம்பெனியின் திருட்டைக் கண்டுபிடித்த ஆள் நான்தானாம். அவர் போனதும் இன்னொருவர் வந்து அதையே சொன்னார். ராஜேஸ்வரி பில் எழுதிக்கொண்டே ஒரு முறை என்னைப் பார்த்தாள். பார்த்தது ஒரு முறைதான்.

கொப்புளம் ஆறி மாரியப்பன் அண்ணன் மறுபடி குளத்தில் இறங்கி நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மழை விட்டு, பனியும் முடிகிற சமயம், ஒரு நாள் பகலில் கடை வாசலில் அவரே நின்றிருந்தார். கம்பு கக்கத்தில். பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. குட்டிக்கானம், வண்டிப்பெரியாறு என்று அத்தனை வளைவிலும் கம்பியைப் பிடித்து வந்திருக்கிறார். "ஏறுறப்ப ஒருத்தனும் தொடல. எறங்குறப்பதான் கண்டக்டர் பிடிச்சிட்டான், படுபாவி" என்றார். நாற்காலி போட்டேன். எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார், குளத்துத் தண்ணீர். மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. "நல்லா இருக்குண்ணே" என்றேன். டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை. அலமாரியில் இருக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கல்லாவை விட்டு வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன். மாத்திரையில் ஒரு குறையும் இல்லை, கம்பெனியும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். உங்கள் தண்ணீர் என்ன தண்ணீர் என்று நான் கேட்கவே இல்லை, உங்கள் மூக்கு சொன்னது சரி, குறைக்கச் சொன்ன நான்தான் தப்பு, கொப்புளமும் அதனால்தான், அக்கா கையில் பழியைப் போட்டதும் நான்தான். ராஜேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏற்கெனவே அடுக்கியிருந்த பைப்புகளை அடுக்கினாள். மாரியப்பன் அண்ணன் பாட்டிலின் மூடியைப் பொறுமையாகத் திருகி மூடினார். "தெரியும் தம்பி. போன மாசம் அந்தக் காலி டப்பாவ எடுத்துப் படிச்சேன். பொடி எழுத்துத்தான், இங்கிலீஷுதான், ஆனா நானும் ஃபாக்டரியில ரிஜிஸ்டர் எழுதுனவன். அதுக்கு முன்னால ரெண்டு பேருகிட்ட கம்பெனியத் திட்டிட்டேன், அந்தப் பாவம் உங்களுக்கு. பாக்கியம் இன்னும் கம்பெனி பாதி, நான் பாதிங்கிறா. கிண்ணத்தத் தொட மாட்டேங்கிறா. இப்பச் சொன்னத அவகிட்ட வந்து ஒருக்காச் சொல்லிருங்க. அதுக்குத்தான் பஸ் ஏறுனேன். அடுத்த வண்டி ஒண்ணே காலுக்கு, கெளம்புங்க."

இப்போதெல்லாம் "எது நல்லது?" என்று கேட்கிறவர்களிடம் நான் தண்ணீரில் தொடங்கி எண்ணெய் வரை ஏழு கேள்வி கேட்கிறேன்; பாதிப் பேர் மூன்றாவது கேள்வியிலேயே எழுந்து, கேள்வி கேட்காத கடையைத் தேடிக் கம்பத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.